சொல்லுதல் கடன்

திருக்குறளின் 64-ஆம் அதிகாரமான 'அமைச்சு' பாடத்தை நடத்தும்போதெல்லாம், மாணவர்கள் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: அரசன் கேளாதவன் என்று தெரிந்த பின்னும் அமைச்சன் எதற்காக அறிவுரை கூற வேண்டும்? கேளாமை அவன் குற்றம், கூறாமை நம் குற்றம் என்று நாம் விடையிறுப்பதுண்டு. அவ்விடை எத்தனை சுமையுடையது என்பதைச் செய்யாற்றில் நம் வகுப்பில் பகுதி ஒன்று தமிழ் பயின்ற முன்னாள் மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தோம்.

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்த அவர், இன்று ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனிக்கிறார். மென்பொருள்களை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும், ஒரே கடவுச்சொல்லை நால்வர் பயன்படுத்தலாகாது, காப்புப் பிரதியொன்றைத் தனியே வெளியில் வைக்க வேண்டும் என்று மேலாளருக்கு மும்முறை எழுதிக் கொடுத்தார். "இதுவரை என்ன கெட்டுப்போயிற்று?" என்பதே மும்முறையும் கிடைத்த மறுமொழி.

இக்கேள்விக்கு விடையில்லை என்பதுதான் இத்தொழிலின் துயரம். தறியில் பாவிழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். நெசவாளி உடனே நிறுத்தி முடிச்சிடுவார். கணினியில் அறுந்த இழை தெரிவதில்லை. காவல் செவ்வனே அமைந்தால் எதுவும் நிகழாது. நிகழாத ஒன்றை எவரிடம் எடுத்துக்காட்டுவது?

உலகெங்கும் இதே கதைதான். 'வான்னாக்ரை' என்னும் தீநிரலுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்புகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிற்று. எனினும் மே 12 அன்று தாக்குதல் நேர்ந்தபோது, 236 அமைப்புகளுள் 80-க்குக் குறையாதவை பாதிப்புற்றன.

நம் கூடங்குளத்திலும் ஒரு பாடம் உண்டு. அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி பரவியபோது, அது பொய்யென்று 29-ஆம் நாள் நிலையம் மறுத்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினியொன்றில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே அரசின் கணினி அவசரநிலைக் குழு அதனைக் கண்டு தெரிவித்திருந்தது. உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்திருந்ததால் பாதிப்பில்லை என்றும் கழகம் விளக்கியது. அந்தத் தனிமைப்படுத்தலும் என்றோ ஒருவர் வற்புறுத்திய அறிவுரையே அல்லவா!

வள்ளுவரின் அமைச்சனுக்கு அரசன் அருகே இருக்கை உண்டு. நம் மாணவருக்கு மாடிப்படியின் கீழ் ஒரு நாற்காலியே உண்டு. முடிவெடுக்கும் அறையில் இடமில்லை; ஆயினும் நாளை இடர் நேர்ந்தால் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. அறிந்தவனுக்கு அதிகாரமின்றிப் பொறுப்பை மட்டும் தருவது அறமாகாது.

"இனியும் எழுதவா ஐயா?" என்று சென்ற மாதம் கேட்டார். எழுதச் சொன்னோம், கணினிகள் ஒரு வாரம் நின்றால் எத்தனை பேருக்குச் சம்பளம் தாமதமாகும் என்பதையும் சேர்க்கச் சொன்னோம். நான்காம் கடிதம் தேதியிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுமொழி இன்னும் வரவில்லை.