கால்கள் புகட்டிய பாடம்

முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பாடம் புகட்டிய நாம், எமது கால்களே எமக்குப் பாடம் புகட்டுமென ஒருபோதும் எண்ணினோமில்லை. மாலையில் வீடு திரும்பியதும் கணுக்கால்கள் வீங்கும். கெண்டைக்காலில் நாளங்கள் நீலம்பாரித்துப் புடைத்து நிற்கும். பாமசியில் விற்றமின் சி மாத்திரைப் புட்டியொன்று வாங்கி நாள்தோறும் விழுங்கினோம். பின்னர் சுருட்டொன்றைப் பற்றவைத்துச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டோம். வீக்கமோ வற்றவில்லை.

ஈற்றில் வைத்தியரை நாடினோம். அவர் நகைத்து, "மாஸ்டர், கிணற்றுக்குக் கட்டு வேண்டியதுதான். ஆனால் கட்டு நீரை இறைக்குமா? அதற்குத் துலா வேண்டுமல்லவா?" என்றார்.

அவர் விளக்கியது இதுவே. இரத்தக் குழாய்களின் சுவர்களுக்கு உறுதியளிப்பது கொலாஜன் என்னும் புரதம். விற்றமின் சி இன்றி உடல் அதனைச் செவ்வனே ஆக்கமாட்டாது. அது குன்றியமையாலேயே முற்காலக் கப்பலோட்டிகளின் கால்களில் இரத்தம் கசிந்து புள்ளிகள் தோன்றின. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் வைத்தியர், நோயுற்ற கப்பலோட்டிகள் இருவருக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுக்க, அவர்கள் ஆறே நாளிற் பெரிதும் தேறினர்.

ஆயினும் இது கட்டு மாத்திரமே. துலாவாக நின்று இரத்தத்தை மேலே இறைப்பது கெண்டைக்கால் தசையாகும். நடக்கும்போது அது சுருங்கி நாளங்களைப் பிழிகிறது. நாளங்களிலுள்ள வால்வுகள் இரத்தம் கீழிறங்காது தடுக்கின்றன. அசையாது நிற்பினும் இருப்பினும் துலா ஓய்ந்துவிடும். புகையிலையோ நாடிகளைச் சுருக்குவதோடு, உடலிலுள்ள விற்றமினையும் விரயமாக்கும்.

"பேணாதுவிட்டால் எளிதில் ஆறாத புண் வரக்கூடும். ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி நொந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" எனவும் எச்சரித்தார்.

வீடு திரும்பினோம். முற்றத்துக் கொய்யாவில் அணில்கள் விருந்துண்டுகொண்டிருந்தன. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் சி பெரும்பாலும் ஒரு கொய்யாப்பழத்திலேயே உண்டு. அதனை அணிலுக்கு விட்டுவிட்டுப் புட்டிக்குப் பணங்கொடுத்த எமது மதியை என்னென்பது!

சுருட்டை அன்றே கைவிட்டோம். வெப்பம் இச்சத்தை அழிக்குமாதலால், கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே இப்போது தேசிக்காய் பிழிகின்றோம். அந்தியில் பேத்தியின் கைபற்றி அரைமணி நேரம் நடக்கின்றோம். இரவிற் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கின்றோம். புடைத்த நாளங்கள் மறையவில்லை. ஆனால் வீக்கம் தணிந்துவிட்டது.

மாணவ மணிகளே, மணிக்கணக்கில் அமர்ந்து படிக்கும் உங்களுக்கும் கால்கள் உண்டு. இடையிடையே எழுந்து நடவுங்கள். எம்மைப்போல் முதுமையில் இப்பாடத்தைக் கற்க வேண்டாம்.