கோபுரத்தைக் காணோம்

ஸ்ரீரங்கத்துப் பாட்டியோட லேப்டாப்பில் எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சள். பெயரைப் படிக்க அவங்களுக்குக் கண் ஒத்துழைக்காது. அதனால் தாத்தா குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் ராஜகோபுரப் படத்தை ஐகானா வச்சேன்: ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான். 236 அடி கோபுரம் 256 பிக்சலில் அடங்கிடுச்சு.

செமஸ்டர் நடுவில் ஹாஸ்டலுக்கு போன். "கண்ணா, கோபுரத்தைக் காணோம்டா. தாத்தா குரலும் போயிடுத்தா?"

போன லீவில் டவுன்லோட்ஸை காலி பண்ணினப்போ ஐகான் ஃபைலையும் நான்தான் அழிச்சிருக்கேன். ஃபோல்டருக்குள் மறைஞ்சிருக்கும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ, படத்தை வச்சுக்காது. அது இருக்கும் இடத்தை மட்டும்தான் குறிச்சு வைக்கும்.

சத்திரத்தில் 1-ஆம் நம்பர் பஸ் பிடிச்சு ஓடினேன். பதிவுகள் பத்திரமா இருந்தது. இந்த முறை ஐகானையும் அதே ஃபோல்டருக்குள் போட்டேன். பென்டிரைவில் ஒரு நகலும் எடுத்தேன்.

பாட்டி கோபுரத்தை டபுள் கிளிக் பண்ணாங்க. தாத்தா ஒருமுறை இருமிட்டு, பேச ஆரம்பிச்சார்.