நெல்லும் வைக்கோலும்

புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூர்க் கழனிகளிலும் விளையும் நெற்பயிர், வெயிலைக் கொண்டு இலையில் செய்யும் குளுக்கோசை இரண்டு விதமாகக் கோக்கிறது. மணியில் சேர்வது மாவுச்சத்து. தாளை நிறுத்துவது செல்லுலோஸ். இரண்டும் குளுக்கோஸ் கண்ணிகள் நீளக் கோத்த கூட்டுச் சர்க்கரைகளே.

குளுக்கோசை அப்படியே சேர்த்து வைத்தால் அது நீரில் கரைந்து, மேலும் நீரை இழுத்துச் செல்லை உப்ப வைத்துவிடும். கரையாத மாவுமணியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. விதை முளைக்கையில் நொதிகள் அதை அறுத்துச் சர்க்கரையாக்கித் தருகின்றன. மாவுச்சத்தின் இரு வகைகளில் அமைலோஸ் பெரும்பாலும் கிளையின்றிச் சுருண்டு கிடக்கும். அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரியும். அமைலோஸ் மிகுந்த அரிசி பொலபொலவென்று வேகும், குறைந்தது குழையும். சோறு ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. அதனால் மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியது பெரும் பிழை.

மனித உடல் கல்லீரலிலும் தசையிலும் சேர்ப்பது கிளைக்கோஜன் என்னும் குளுக்கோஸ் சங்கிலி. அதன் கிளைகள் இன்னும் நெருக்கமானவை. பல முனைகளில் ஒரே சமயத்தில் அறுத்துக் குளுக்கோசை எடுக்கலாம். வரப்பு வெட்டும் கைக்கு அந்த வேகம் வேண்டும்.

தாளில் நடப்பதுதான் பெருவியப்பு. அங்கும் அதே குளுக்கோஸ்தான். கண்ணிகளின் இணைப்பு மட்டும் மாவுச்சத்தில் உள்ள ஆல்பா வகை அல்ல, பீட்டா வகை. ஒவ்வொரு கண்ணியும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி சுருளாமல் நேராக ஓடுகிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து வலுவான இழையாகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1838-இல், பிரான்சின் வேதியியலர் ஆன்செல்ம் பாயன் செல்லுலோசைத் தாவரங்களிலிருந்து பிரித்தறிந்தார். வயல் நண்டின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் பீட்டா இணைப்புதான்; அதன் கண்ணி நைட்ரஜன் சேர்ந்த சர்க்கரை.

செல்லுலோசை அறுக்கும் நொதி மனிதரிடம் இல்லை, மாட்டிடமும் இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் புரோப்பியானிக் அமிலத்தை மாட்டின் கல்லீரல் மீண்டும் குளுக்கோசாக்குகிறது. பாலிலுள்ள சர்க்கரை அந்தக் குளுக்கோசிலிருந்து உண்டாகிறது. ஆனால் லிக்னினும் சிலிக்காவும் கலந்திருப்பதால் வைக்கோல் முழுதும் செரிப்பதில்லை; அதில் புரதமும் மிகக் குறைவு. கறவை மாட்டுக்கு வைக்கோலோடு பசும்புல்லும் பிண்ணாக்கும் சேர்த்தே வைக்க வேண்டும்.