செப்டெம்பர் மாதத் தாள்

எங்கள் வகுப்புப் பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுமத்தில் நேற்றிரவு ஒரு உம்மா கேட்டிருந்தார்: "டீச்சர், உங்கட வகுப்பில ஆசிரியர் தினத்துக்கு கையால செஞ்ச காட் மட்டும்தானாமே? அத எங்க ஓடர் குடுக்கிற?"

வாசித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. இப்படியொரு கேள்வி எழுவதற்குக் காரணமே நான்தான். அந்தக் கதையை எழுதாவிட்டால் அவருக்குச் சரியான பதில் சொல்ல ஏலாது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சில வருடங்களுக்கு முன்னர் தரம் 3 வகுப்பொன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அதையொட்டி எங்கள் பாடசாலையில் ஒரு நாள் கொண்டாடுவோம். அன்றைக்கு என் மேசையில் சேர்ந்த சாமான்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கோப்பை, மூன்று சுவர் மணிக்கூடு, இரண்டு கைப்பை, ஒரு சாறித் துணி, ஒரு தேநீர் செட். கோப்பைகளில் ஐந்தில் நான்தான் உலகத்திலேயே சிறந்த ஆசிரியை என்று அச்சடித்திருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். பிள்ளைகள் வாசலில் நின்று யாருடைய பொதி பெரிது என்று அளந்துகொண்டிருந்ததையும் கண்டேன். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. பரிசு வாங்குவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அன்று ஒரு பையன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் என்று கடிதத்தோடு வந்தான். பக்கத்துக் கதிரைப் பிள்ளை என் காதுக்குள் வந்து சொன்னாள்: "காய்ச்சல் இல்ல டீச்சர். குடுக்க ஒண்டும் இல்லண்டுதான் அவன் வரல்ல."

அந்த இரண்டு நாளும் வரவுப் பதிவேட்டில் அவனுடைய பெயருக்கு நேரே நான் போட்ட அடையாளம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பிள்ளையைப் பாடசாலைக்கு வரவிடாமல் செய்தது என்னுடைய மேசை.

அதே பிள்ளைகளோடு நானும் தரம் 4க்குப் போனேன். அந்த வருடம் முன்கூட்டியே ஒரு சட்டம் போட்டேன். கடையில் வாங்கிய எதையும் கொண்டுவரக் கூடாது, கையால் செய்த வாழ்த்து அட்டை மட்டும். நல்ல சட்டம் என்று எனக்கே என்னைப் பிடித்துப் போனது. எங்களுடைய சின்ன வயதுப் பெருநாள் காட் எல்லாம் நினைவுக்கு வந்தது. நோன்பின் கடைசிப் பத்தில் புத்தகக் கடைகளின் வாசலில் கயிறு கட்டிக் காட்டுகளைத் தொங்கவிடுவார்கள். வாங்கக் காசில்லாத எங்கள் தாத்தா (அக்காவைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன வருடம் வந்த காட்டுகளிலிருந்து கஃபாவின் படத்தையும் பிறையையும் வெட்டியெடுத்து, கொப்பி மட்டையில் ஒட்டிப் புதுக் காட் செய்வா. ஒருமுறை எங்கள் மாமி அனுப்பிய காட்டின் படம் சுற்றி வந்து மாமிக்கே தபாலில் போய்விட்டது. மாமி அதை ஒரு பெருநாளிலும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

நான் எதிர்பார்த்தது அப்படியான அட்டைகளைத்தான். வந்தது வேறு. கலியாண அழைப்பிதழ் போல அட்டைகள் வந்தன. நுரைத்தாள் ரோஜாக்கள், குளூகனால் ஒட்டிய முத்துகள், நூல்போல வெட்டிச் சுருட்டிய கடதாசிப் பூக்கள். ஒன்றைத் திறந்தால் உள்ளே சின்ன லைட் பற்றியது, பட்டரியில். விசாரித்தால், டவுனில் ஒரு தங்கச்சி வீட்டிலிருந்து ஓடருக்குச் செய்து கொடுக்கிறாவாம். ஒரு அட்டையின் விலை இரண்டு கோப்பை வாங்கும் காசு. ஒரு உம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கையால செஞ்சதுதானே டீச்சர். யார்ட கை எண்டு நீங்க சொல்லல்லியே."

அந்தத் தங்கச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை அவ்வளவு சுத்தம். அது அவருடைய உழைப்பு, கலியாணத்துக்கோ பிள்ளை பிறந்ததுக்கோ நானே அவரிடம் ஓடர் கொடுத்திருக்கிறேன். பெற்றோரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் நாள் இரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். தரம் 1 படிக்கும் என் மகள் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாள். அவளுடைய டீச்சருக்கு அட்டை செய்தது நான். கல்வியியற் கல்லூரியில் கற்ற வித்தை முழுவதையும் காட்டி, கிரேப் பேப்பரில் ஏழு ரோஜா. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர் அவள் எழும்பி வந்து மேசையைப் பார்த்தாள். "உம்மா, கீழ உங்கட பேரையா எழுதப் போறீங்க?"

கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போனபோது எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பாடத்துணைச் சாதனங்களைத் தூக்கிப் பார்த்து, இதில் பிள்ளையின் கைரேகை எங்கே என்று கேட்பார். அப்போது அவரை எரிச்சலோடு பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று அந்தப் பையன் வந்திருந்தான். அட்டையைச் சேர்ட்டுக்குள் வைத்து, நசுங்காமல் கொண்டுவந்தான். பிஸ்கட் பெட்டியின் மட்டை, அதன்மேல் ஒரு கலண்டர் தாள். அச்சடித்த பக்கத்தை மட்டையோடு ஒட்டி, வெள்ளையான பின்பக்கத்தில் படம் வரைந்திருந்தான். கடல், தோணி, தென்னை. பச்சை பிளாட்டிக்னம் பேனையால் என் பெயரும் வாழ்த்தும். எழுத்துப் பிழை இரண்டு. ஓரங்களில் சோற்றுப் பருக்கை காய்ந்து கண்ணாடிபோல மினுங்கியது. சோற்றைக் குழைத்துத்தான் ஒட்டியிருந்தான். மடித்த இடத்தில் மட்டை வெடித்திருந்தது. (கடதாசிக்கும் மட்டைக்கும் நார் ஓடும் திசை ஒன்று இருக்கிறது. அந்தத் திசையிலேயே மடித்தால் வெடிக்காது, குறுக்கே மடித்தால் வெடிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்? நானும் சொல்லவில்லை.)

எல்லா அட்டைகளையும் வகுப்புச் சுவரில் குத்தினேன். அவனுடையதை நடுவில்.

மறுநாள் காலை முதலாம் பாடவேளை. வாசலில் அவனுடைய வாப்பா. சாரத்தை இறக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். கரைவலை இழுக்கப் போகிறவர். ஏதோ முறைப்பாடு என்று நினைத்துப் பயந்தபடியே வெளியே போனேன்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. மகன் தந்த அந்தக் காட்ட ஒருக்காத் தருவீங்களா? பாத்து எழுதிட்டுத் திருப்பித் தாறன்."

விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அந்தக் கலண்டர் தாள் செப்டெம்பர் மாதத்துடையது. ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் அன்றைய பாடு எத்தனை கிலோ, முதலாளியிடம் எடுத்த கைக்காசு எவ்வளவு, கடையில் கடன் எவ்வளவு என்று எழுதிவைப்பாராம். மாரி தொடங்க முந்திக் கணக்குப் பார்க்க வேண்டும், அது அன்றைக்குப் பின்னேரம். வலைக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கும், இவரிடம் இருப்பது இந்தத் தாள் மட்டும். இரவு முழுக்கத் தேடியிருக்கிறார். விடிந்த பிறகுதான் மகன் வாயைத் திறந்திருக்கிறான். "செப்டெம்பர் முடிஞ்சிட்டே வாப்பா" என்றானாம்.

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. அட்டையைப் பிய்த்தால் கணக்குக் கிழியும்.

ஆசிரியர் அறையில் கேத்தல் இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் அட்டையைப் பிடித்தேன். மாச்சத்துப் பசைக்கு ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். சோறு என்பதால் தப்பினோம். நேற்று வந்த மற்ற அட்டைகள் போல குளூகன் பசையாக இருந்திருந்தால் தாள் துண்டு துண்டாகத்தான் வந்திருக்கும். மூலையிலிருந்து அடிமட்டத்தின் விளிம்பை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். பையன் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். வாப்பா கதிரையில் உட்காரவே இல்லை.

தாள் முழுதாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். கணக்கு எழுதிய போல்பொயின்ற் பேனையின் மை எண்ணெய்ப் பதமுள்ளது, அது அசையவில்லை. பிளாட்டிக்னம் தண்ணீரில் கரையும், அது ஓடிவிட்டது. மறுபக்கத்தில் என் பெயர் பச்சைக் கடலோடு கலந்து போனது.

என்னுடைய பாடக்குறிப்புக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். முப்பது கட்டம். பல நாட்களில் கிலோவுக்கு நேரே ஒன்றுமில்லை, கைக்காசு மட்டும் இருந்தது. ஒரு கட்டத்தில் 'கொப்பி, சப்பாத்து' என்று எழுதி ஒரு தொகை. அதை வாசிக்கும்போது அவர் குரலைக் குறைத்தார். நான் எதையும் பார்க்காததுபோல் கேத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் தாளை என்னிடமே நீட்டினார். "இது உங்கட சாமான் டீச்சர்."

பையனுக்கு என் பகலுணவுப் பெட்டியிலிருந்து இரண்டு விரல் சோறு கொடுத்தேன். அங்கேயே குழைத்துத் திரும்ப ஒட்டினான். அந்த அட்டை இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. கோப்பைகளில் ஆறு கைமாறிப் போய்விட்டன.

அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்த அட்டை வேலையும் கொடுப்பதில்லை. எல்லாம் வகுப்பிலேயே, ஒரே பெட்டியிலிருந்து. பெட்டிக்குள் இருப்பது பழைய வினாத்தாள், கலண்டர் தாள், பிஸ்கட் மட்டை, பத்திரிகை, சேர்ட் பெட்டிகளில் வரும் அட்டை. பசை நானே காய்ச்சிக்கொண்டு போவேன். ஒரு பங்கு கோதுமை மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்துச் சின்ன நெருப்பில் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கிவிடலாம். இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் புளித்து நாறும். மெல்லிய தாளில் அப்பிப் பூசினால் நார் ஈரத்தில் உப்பித் தாள் சுருங்கும், அதனால் மட்டையில் பூசித் தாளை மேலே வைக்கச் சொல்வேன். மடிக்க முந்தி, மை முடிந்த பேனையால் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு நேராக விழும். மடிப்பின்மேல் சமாந்தரமாக இரண்டு வெட்டு வெட்டி உள்ளே தள்ளினால் ஒரு படி எழும்பும். அதில் எதை ஒட்டினாலும் அட்டையைத் திறக்கும்போது எழுந்து நிற்கும். முதல்முறை அது எழும்பும்போது வகுப்பு போடும் சத்தத்துக்கு அதிபர் வந்து பார்த்திருக்கிறார்.

உயிருள்ளவற்றின் படம் வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்லி அனுப்புவார்கள். அதுவும் நல்லதாகப் போனது. சதுரத் தாளை நடுவிலிருந்து மூன்று தடவை மடித்து வெட்டினால் எட்டுக் கதிருள்ள பூ விரியும். கணித பாடத்தில் சமச்சீர் படிப்பிக்க நான் பட்ட பாடெல்லாம் ஒரு கத்தரிக்கோலில் முடிந்தது.

கடதாசியின் அருமை எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கும். வைக்கோலில் காகிதம் செய்த வாழைச்சேனை ஆலை இருக்கும் எங்கள் மாகாணத்திலும் ஒரு கட்டு ஏ4 வாங்க யோசித்தோம். அந்த ரமழானில் வீட்டில் கிடந்த பழைய விடைத்தாள்களைக் கிழித்து ஊறவைத்து, நானே கடதாசி செய்து பார்த்தேன். அரைக்கக் கரண்ட் இல்லை, உரலில் இடித்தேன். பழைய படச்சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்துக் கட்டி, பேசினில் கரைத்த கூழை அதில் அள்ளி, சாரத்துண்டில் கவிழ்த்துக் காயவைத்தேன். முதல் தாள் ரொட்டி மொத்தம். நாலாவதுதான் கடதாசி என்று சொல்லக்கூடியதாக இருந்தது. மையெல்லாம் சேர்ந்து சாம்பல் நிறம். அதில் வெங்காயச் சருகைப் பதித்துப் பெருநாள் அட்டை ஒன்று செய்து உம்மாவுக்குக் கொடுத்தேன். உம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில பிள்ளையள்ட புள்ளி ஏதும் தெரியிதா?" என்றா.

அந்தப் பையன் தரம் 6க்கு வேறு பாடசாலைக்குப் போய்விட்டான். வாப்பாவைக் கடைத்தெருவில் காண்பேன். மகன் இப்போது கணக்குக்கென்று தனிக் கொப்பி போட்டுக் கொடுத்திருக்கிறானாம்.

குழுமத்தில் கேட்ட உம்மாவுக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டேன். "ஓடர் ஒண்டும் குடுக்க வேணாம். பழைய கலண்டர் தாள் ஒண்டு குடுத்து விடுங்க, போதும். கணக்குக் கிணக்கு எழுதியிருக்கா எண்டு மட்டும் ஒருக்காப் பாத்துக்கங்க."