கடல் கட்டி

பக்கத்திலிருக்கும் ஆபத்தைவிட, பார்த்தேயிராத ஆபத்துக்குத்தான் மனிதர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை, 2021 முதல் அது புலிகள் காப்பகம். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கடலைப் பார்க்கவோ தூத்துக்குடிக்குப் பஸ் ஏறவேண்டும். ஆனாலும் சுறா என்றால் எங்களுக்கு நடுக்கம்.

ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தமக்கையின் பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக்குப் போய், பலகைமேல் ஏறி அலையில் சறுக்கப் பழகுகிறான். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

"சுறா காலைக் கவ்விட்டா என்னடா பண்றது? மாமா சொன்னா கேப்பான், நீ சொல்லுடா" என்றாள்.

அவள் பயம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கும் இதே பயம் இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே 'கடல் கட்டி' என்று பரம்பரையாக ஆட்கள் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இப்படிப்பட்ட மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதிவைத்திருக்கிறார். இரவானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். எவனும் திருட்டுத்தனமாக முங்கிவிடக் கூடாதல்லவா! 1961-ல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. மந்திரம் சுறாவைக் கட்டியதோ என்னவோ, முங்குகிறவனுக்கு நெஞ்சுரம் கொடுத்தது.

என்னிடம் மந்திரம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. 2023-ல் உலகம் முழுவதும், சீண்டாமலே சுறாவிடம் கடிபட்டவர்கள் 69 பேர். அப்படி இறந்தவர்கள் 10 பேர். கடிபட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் அலைச்சறுக்குக்காரர்கள் என்பதையும் அக்காவிடம் மறைக்கவில்லை. பயப்பட வேண்டியது, ஆளைக் கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டத்துக்கு. அதை எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலக வேண்டும். இது தெரியுமா என்று பையனைக் கேட்டேன். முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள் என்றான்.

பிறகு அக்காவைக் கேட்டேன்: "அத்தான் ராத்திரியில் வெறுங்காலோடு தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறாரே, அதற்காக என்றைக்காவது நீ தூங்காமல் இருந்ததுண்டா?"

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அக்கா பதில் பேசவில்லை. மறுநாளே அத்தானுக்கு டார்ச் விளக்கும் முழங்கால் வரை வரும் பூட்ஸும் வந்துவிட்டன. சுறா பயம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையின் குரலை டெலிபோனில் கேட்ட பிறகுதான் இன்றும் அவள் காப்பி குடிக்கிறாள்.