மறையூரும் மறைத்த ஊரும்

உடுமலைப்பேட்டையில் காலைப் பேருந்தில் ஏறி மூணாற்று வழியே சென்றால், ஒன்பதாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. சின்னாற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரளம். கேரளம் என்றாலே ஓயாத மழையும் பச்சைப் பசேல் என்ற தோற்றமும் நினைவுக்கு வருபவர்களுக்கு இங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மேற்கு மலையின் மழை மறைவில் கிடப்பதால் இப்பகுதி முள்ளும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடு. 1984-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் நரை அணில் என்னும் அரிய பெரிய அணில் வாழ்கிறது. மேலே ஏற ஏறக் குளிர் காற்று முகத்தில் படுகிறது. வேலியிட்ட சந்தன மரங்கள் இருபுறமும் தென்படுகின்றன. பிறகு கரும்புத் தோட்டங்கள். அவற்றின் நடுவே மறையூர்.

எங்கள் குடும்பத்துடன் சங்கத்தைச் சேர்ந்த வேறு இரு குடும்பத்தினரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் குடியேறி விடுமுறைக்கு வந்திருந்த பழைய உறுப்பினர். மற்றொருவர், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உறவினரை உடைய ஓர் அம்மையார். பேருந்தில் பொழுது போகவேண்டுமே என்று தொடங்கிய பேச்சு, அவரவர் பாட்டன் முப்பாட்டன் வரலாற்றில் வந்து நின்றது.

ஆஸ்திரேலிய நண்பர் சொன்ன செய்தி எங்களுக்குப் புதியது. அந்நாட்டில் குடும்ப வரலாறு தேடுவது சாதாரண மக்களின் பொழுதுபோக்காம். ஓய்வுபெற்ற ஆசிரியர், தச்சர், இல்லத்தரசி முதலியோர் நூலகங்களில் கூடித் தேநீர் அருந்திக்கொண்டே, “உங்கள் முப்பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார்?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்களாம். இதற்கென்று சிட்னி நகரில் ஒரு சங்கம் 1932-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

“அவர்களுடைய முன்னோர்களில் பலர் கைதிகள் அல்லவா?” என்று கேட்டோம்.

“ஆமாம். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகளைப் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அங்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் அதைச் சொல்லவே வெட்கப்பட்டார்கள். குடும்பத்தில் கைதி இருந்தார் என்பதைப் பிள்ளைகளிடமும் மறைத்தார்கள். இன்றோ நிலைமை வேறு. ஒருவருக்குக் கைதிப் பாட்டன் கிடைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குப் பொறாமையாக இருக்கிறது!” என்று நண்பர் சிரித்தார். கைதியின் உயரம், கண்ணின் நிறம், உடம்பிலுள்ள தழும்பு வரை அன்று எழுதி வைத்திருந்த ஏடுகள்தாம் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் புதையல். அந்த ஏடுகளை 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகின் நினைவுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நேட்டால் உறவினரை உடைய அம்மையாரும் விட்டுக்கொடுக்கவில்லை. “எங்களுக்கும் ஏடு உண்டு. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டு நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் பதிவு இருக்கிறது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா எல்லாம் எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பெரியவரின் ஊரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்” என்றார்.

பிறகு இருவரும் எங்களைப் பார்த்தார்கள். எங்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் தந்தையார் காலமான பின் அவருடைய பெட்டியைத் திறந்தபோது, பழைய பள்ளிச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. பிறந்த இடம் மறையூர் என்று அதில் எழுதியிருந்தது. உயிருடன் இருந்த நாளில் அவர் அவ்வூர்ப் பெயரை ஒருமுறையேனும் சொன்னதில்லை. “நம் ஊர் எது அப்பா?” என்று கேட்ட போதெல்லாம், “மதுரைப் பக்கம். தாத்தா வியாபாரம் செய்தார்” என்பார். மேலும் கேட்டால் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார்.

மறையூரில் இறங்கி முதலில் முனியறைகளைப் பார்க்கச் சென்றோம். பாறை மேட்டின் மீது, நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பெரும் பலகையை மூடிவைத்த அறைகள் அவை. முனிவர்கள் தவம் செய்த அறைகள் என்பது மக்கள் வழக்கு. பெருங்கற்காலத்தவர் இறந்தோருக்கு எழுப்பிய நினைவிடங்கள் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பாண்டவர்கள் வனவாசத்தின்போது இங்கே மறைந்திருந்தார்கள், அதனால் மறையூர் ஆயிற்று என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கல்லை நிறுத்தியவர் யார், உள்ளே கிடத்தப்பட்டவர் யார் என்று சொல்ல ஓர் எழுத்தும் அவற்றில் இல்லை.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். இங்குள்ள பழைய குடிகள் தமிழ் பேசுகிறார்கள். முற்காலத்தில் மதுரைச் சீமையில் நேர்ந்த கலகத்துக்குத் தப்பி மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபு. மலையில் வாழும் முதுவர்களைக் கேட்டால், அவர்களும் மதுரையையே சொல்கிறார்கள். மதுரை மீனாட்சியம்மன் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்கிறார்கள். இம்மலைகளுக்கு உரிமை பூண்டிருந்த பூஞ்ஞாற்று அரச குடும்பமும் பாண்டிய மரபிலிருந்து பிரிந்து வந்ததாகவே சொல்லிக்கொள்ளும். அரசரும் மதுரை, குடியானவரும் மதுரை, காட்டில் வாழ்பவரும் மதுரை! எங்கள் தந்தையாரும் மதுரை என்று சொன்னது நினைவுக்கு வந்து, எங்களையறியாமல் புன்னகை செய்தோம்.

அந்தப் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்துதான் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் 1877-ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அஞ்சுநாட்டைச் சேர்ந்த கண்ணன், தேவன் என்னும் இருவர் பெயரே மலைக்கு வழங்கிற்று என்று ஒரு வழக்கு உண்டு. பின்னர்த் தேயிலை வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். 1908-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரண்டடி அகல இருப்புப்பாதையும் ஓடிற்று. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியே போடிநாயக்கனூர்ப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. இரயில்வேயில் ஏடெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு அந்தப் பாதையின் மீது தனிப் பற்று உண்டு. பாதையின் அகலமும் ஓடிய ஆண்டுகளும் நூல்களில் கிடைக்கின்றன. மண் வெட்டித் தண்டவாளம் பதித்தவர்களின் பெயரைத்தான் எங்கும் காணோம். கடல் கடந்தவனுக்குக் கப்பல் ஏடு இருந்தது. மலை கடந்தவனுக்குக் கங்காணியின் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாலையில் ஒரு வெல்ல ஆலைக்குச் சென்றோம். கரும்புத் தோகை வேய்ந்த கொட்டகை. அகன்ற கொப்பரையில் சாறு கொதிக்கிறது. அடியில் காய்ந்த சக்கை எரிகிறது. பதம் வந்ததும் பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டைகளில் பிடித்தவர் விரல்களின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது.

கொட்டகை வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டார். வந்த காரணத்தைச் சொன்னோம்.

“உங்கள் தாத்தா பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? எந்தக் கங்காணி ஆட்கள் என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து இறங்கி இங்கே ஆலை வேலைக்கு வந்தவர்களைக் கங்காணி பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அது தெரியாவிட்டால் குலதெய்வத்தைச் சொல்லுங்கள்.”

இரண்டும் எங்களுக்குத் தெரியவில்லை. முப்பது வயதைக் கடந்த ஒருவர் ஒரு கிழவியின் முன் தம் குலதெய்வத்தின் பெயர் தெரியாமல் நிற்பது எவ்வளவு கூச்சம் தருவது என்பதை அன்று அறிந்தோம். “வீட்டில் பெரியவர்கள் ஒருவரும் இல்லையா?” என்றார் மூதாட்டி. தந்தையாரின் தங்கை, எங்கள் அத்தை, சங்கரன்கோவிலில் இருக்கிறார் என்றோம். “பிறகு என்னை ஏன் கேட்கிறீர்கள்? அவளைக் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடித்தார்.

கொட்டகையின் ஓரத்தில் நின்றே தொலைபேசியில் அத்தையை அழைத்தோம். “மறையூரில் நிற்கிறோம் அத்தை” என்றதும் மறுமுனையில் பேச்சில்லை. சற்று நேரம் கழித்து, “ஆலையில் பாகு காய்கிறதா?” என்று கேட்டார். பிறகு கங்காணியின் பெயர், புறப்பட்ட ஊர், குலதெய்வம், குடியிருந்த லயம், பாட்டனார் தோட்டத்தை விட்டு மறையூர் ஆலைக்கு வந்த ஆண்டு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். அத்தைக்குப் பத்து வயதாகும்வரை அவர்கள் இங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

“அப்பா ஏன் அத்தை இதை ஒருநாளும் சொல்லவில்லை?”

“என் கல்யாணத்துக்காகத்தான், ஐயா. பெண் பார்க்க வந்தவர்கள் கூலிக்காரன் மகள் என்றால் எழுந்து போய்விடுவார்கள் என்று உங்கள் அப்பா பயந்தார். மதுரைப் பக்கம் வியாபாரம் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்ன பிறகு அதை மாற்ற முடியுமா? எனக்காக அவர் கடைசிவரை அப்படியே இருந்துவிட்டார்.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“யாரும் கேட்கவில்லையே!”

அன்றிரவு விடுதியில் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. தந்தையார் செய்தித்தாளை விரித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் எங்களுக்கு அவர்மீது சினம் வந்ததுண்டு. வறட்டுக் கௌரவம் என்று எண்ணியிருந்தோம். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு தங்கையின் வாழ்வு இருந்தது என்பதை அறிய அவர் மறைந்த பிறகு மலையேறி வரவேண்டியிருந்தது. ஆஸ்திரேலியக் குடும்பங்களும் இப்படி யாரையேனும் காப்பதற்காகவே கைதிப் பாட்டனை மறைத்திருக்கும். வெட்கம் என்று நாம் காண்பதில் பாதி, பிள்ளைகள் மீதும் உடன்பிறந்தார் மீதும் வைத்த அன்பு.

மறுநாள் மூணாறு செல்லும் வழியில் பெட்டிமுடியைப் பற்றிப் பேசிக்கொண்டோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு நேர்ந்த நிலச்சரிவில் அங்கிருந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது பேர் உயிரிழந்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்விகமாக உடையவர்கள் அவர்களில் பலர். பாட்டி, மகன், மருமகள், பேரன் என ஒரே குடும்பத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள். அங்கே மண்ணுக்குள் போனவை உயிர்கள் மட்டும் அல்ல; யாருக்கு யார் உறவு, யார் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று சொல்லக்கூடிய நாவுகளும் போயின. எழுதி வைக்காத குடும்பத்துக்கு மூத்தோரின் நாவே ஏடு. அந்த ஏட்டுக்குப் படி கிடையாது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் சங்கக் குடும்பங்களுக்கு இது பிறர் கதை அன்று. நம்முடைய பிள்ளைகளும் நாளைக்கு ஒரு மூதாட்டியின் முன் நின்று, “குலதெய்வம் எது?” என்ற கேள்விக்கு விழிக்கக்கூடும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது பள்ளிப் பிள்ளையின் குறிப்பேடு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும் வேளையில் மெல்லப் பேச்சுக் கொடுங்கள். குலதெய்வம் எந்த ஊரில்? முதன்முதல் ஊரை விட்டு வந்தது யார்? யாருடன் வந்தார்? எங்கே தங்கினார்? அவருக்கு அங்கே சோறு போட்டவர் யார்? இந்த ஐந்து கேள்விகளே போதும். அவர்கள் பேச விரும்பாத இடத்தில் வற்புறுத்தாதீர்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் கேளுங்கள்.

மறையூர்ப் பக்கம் பாயும் பாம்பாற்று நீர் கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப்போல மேற்கே செல்வதில்லை. கிழக்கு நோக்கி இறங்கி அமராவதியாகிக் கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே மலையிறங்கினோம். அத்தைக்கென்று வாங்கிய ஐந்து கிலோ வெல்லத்தைச் சங்கரன்கோவிலில் சேர்த்தபோது, இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டோம். அவர் ஓர் உருண்டையைக் கையில் எடுத்து, விரல் தடத்தின்மேல் தம் விரலை வைத்துப் பார்த்தார்.

“எழுது. என் பெயரைப் போடாதே. ஊர்ப் பெயரைப் போடு.”

அவ்வாறே செய்திருக்கிறோம்.