மஞ்சள் வயரில் 11.18

மடவளை பஸாரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, கொஞ்சம் புத்தகங்கள், ஏழெட்டுப் பேர் காசு சேர்த்து வாங்கிய ஒரு பழைய கம்பியூட்டர். கட்டுரை டைப் பண்ணுவது, போஸ்டர் செய்வது, ஏ.எல். தம்பிமார் ஐ.சி.டி. பழகுவது எல்லாம் அதில்தான்.

போன வருடம் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கத் தொடங்கியது. எச்சரிக்கை எதுவும் வராது. திரை கறுத்துப் போகும், பிறகு தானாகவே ஒன் ஆகும். இரண்டு கிழமை கவனித்ததில் ஒரு விசயம் பிடிபட்டது. நாங்கள் டைப் பண்ணும்போது அது நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தம்பி இருக்கும்போதுதான் நிற்கிறது. அவன் வீடியோ எடிட் பண்ணுவான், நேரம் கிடைத்தால் கேமும் போடுவான்.

"கேம் போட்டுப் போட்டே மெஷினை அழிச்சிட்டான்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை. அவனை நேரே யாரும் ஏசவும் இல்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினோம், அவனுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

அவன் போன பிறகும் கம்பியூட்டர் திருந்தவில்லை. பெரிய போஸ்டர் ஒன்றை சேவ் பண்ணும்போது மறுபடியும் நின்றது. ரிப்பெயார் கடையொன்றில் காட்டினோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "மதர்போர்ட் போய்ட்டு" என்றார்கள். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐ எட்டிய பிறகு, மதர்போர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாங்குவதற்கு முதல் பவர் சப்ளையை ஒருக்கா பார்ப்போமே என்று ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கினோம்.

முதல் நாள் செய்தது வீடியோக்களில் எல்லாரும் செய்து காட்டுகிற வேலை. பவர் சப்ளையைக் கழற்றி, 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தோம். மதர்போர்ட் "எழும்பு" என்று சொல்வதற்குப் பதிலாக நாங்களே சொல்கிற மாதிரி அது. ஃபேன் சுற்றியது. மீட்டரை டி.சி. 20 வோல்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் பிடித்தோம். 12.09. சிவப்பு வயரில் 5.07, செம்மஞ்சளில் 3.34.

எது சரி, எது பிழை என்பதற்கு ஊகம் தேவையில்லை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். தரத்திலேயே எல்லை இருக்கிறது. இந்த மூன்று அழுத்தங்களும் 5 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் என்றால் 11.40 முதல் 12.60 வரை. 5 வோல்ட் என்றால் 4.75 முதல் 5.25 வரை. 3.3 வோல்ட் என்றால் 3.14 முதல் 3.47 வரை. நீல வயரில் வரும் மைனஸ் 12க்கு மட்டும் 10 வீதம் விட்டுக்கொடுப்பார்கள். எங்கட அளவுகள் எல்லாம் அழகாக உள்ளே இருந்தன. பவர் சப்ளையில் பிழையில்லை என்று முடிவெடுத்தோம். மதர்போர்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்கினோம்.

வீட்டு வயரிங் வேலை செய்கிற ஒரு நானாதான் அந்த முடிவை உடைத்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சும்மா நிக்கிற லொறிய தள்ளிப் பாத்துட்டா, மலையேறும் என்டு செல்றீங்க?"

அது உறைத்தது. கிளிப் போட்டு அளந்தபோது பவர் சப்ளைக்கு ஒரு சுமையும் இல்லை. சுமை இல்லாமல் 12 காட்டுவது பெரிய விசயமில்லை. வேலை கொடுக்கும்போது அந்த 12 நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். மீட்டரின் பழைய பேட்டரியையும் மாற்றினோம். பேட்டரி இறங்கினால் சில மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும். கம்பியூட்டரை ஓடவிட்டு, பாவிக்காமல் இருந்த ஒரு நாலு பின் பிளக்கில் முனைகளை வைத்தோம். முனை சறுக்கி இரண்டு பின்னை ஒன்றாகத் தொட்டால் கதை முடிந்தது, அதனால் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வாசித்தார். சும்மா இருக்கும்போது 11.87.

இப்போது பாரமான வேலை ஒன்று வேண்டும். தேடியபோது அந்தத் தம்பியின் ஃபோல்டரில் பாதியில் நின்ற வீடியோ ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தோம். எங்கட வாசிப்புக் கூட்டத்தின் வீடியோ. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களுக்காகவே செய்துகொண்டிருந்திருக்கிறான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதையே ரெண்டர் போட்டோம். 11.61. 11.44. 11.30. 11.18. திரை கறுத்தது.

பவர் சப்ளையின் லேபிளையும் அன்றுதான் ஒழுங்காக வாசித்தோம். பெரிய எழுத்தில் 500 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்டுக்கு 16 அம்பியர். பெருக்கினால் 192 வாட்தான். புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்டிலிருந்துதான் உறிஞ்சும். அவன் வந்தால் நிற்கிறது என்று நாங்கள் கண்டது பொய்யில்லை. அவன்தான் அந்தப் பெட்டியிடம் முழு வேலையையும் கேட்டவன். பிழை கேட்டவனில் இல்லை.

பெட்டி ஏன் பழுதானது? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அதுவா? வயசா? வெக்கையா? எங்களால் அளந்து சொல்ல முடியாது, அதனால் சொல்லவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை. 230 வோல்டை டி.சி. ஆக்கும்போது உள்ளே கிட்டத்தட்ட 325 வோல்ட் வரும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். நீங்களும் திறக்காதீங்க. இன்னொன்று, மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். வோல்ட் வேகமாக ஏறி இறங்குகிற சிற்றலையைப் பார்க்க ஒசிலோஸ்கோப் வேண்டும். மீட்டரில் அளவு சரியென்பதால் எல்லாமே சரியென்று ஆகாது.

அன்று பின்னேரமே அவனுடைய வீட்டுக்குப் போனோம். உம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தார். பாஸ்வேர்ட் மாற்றியதைச் சொன்னோம், ஏன் மாற்றினோம் என்றும் சொன்னோம். மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"எத்தின வோல்ட் காட்டிச்சு?"

"11.18."

"அப்ப நான் இல்ல."

"நீ இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "புதுசு போட்டா ரெண்டர் ஓடக்குள்ள அளந்து பாத்துட்டு செல்லுங்க. வாறன்" என்றான்.

மதர்போர்டுக்குச் சேர்த்த காசில் பவர் சப்ளை வாங்கினோம், மிச்சமும் வந்தது. பூட்டிய அன்றே அவனுடைய வீடியோவை ரெண்டர் போட்டு அளந்தோம். 11.96. கடைசி வரைக்கும் அசையவில்லை. மீட்டரைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினோம், கூடவே பாஸ்வேர்டையும்.